எங்கள் இரண்டு மறுபடி

கேரளம் என்று புது மாநிலம் பிறந்த மறு வருஷம். ஆடிச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சின்னக்கானலில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். மேகம் வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகும் ஊர் அது.

நானும் என் கணவரும் அதற்கு நாலு வருஷம் முன்பே பிரிந்துவிட்டோம். அவர் கேரள எல்லையோரம் மீனாட்சிபுரத்தில் மாடு வைத்து, மலையாளத்துக்காரர்களோடு பால் வியாபாரம் செய்தார். எங்களுக்கு ஒரே மகள். முதலில் அவரிடம் வளர்ந்தாள். பிறகு கோர்ட்டு அவளை என்னிடம் கொடுத்தது, பெரிய லீவு மட்டும் அப்பாவுக்கு. அவளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, மறுபடியும் கோர்ட்டு முத்திரையோடு ஒரு காகிதம் வந்தது. முழுக்க மலையாளம்.

தமிழைக் கரைத்துக் குடித்தவள் என்று எனக்கொரு நினைப்பு உண்டு. மலையாளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கிடம் கொண்டுபோனேன். மலையாளி, நல்ல மனிதர். தனக்குத் தெரிந்த தமிழில் விஷயத்தைச் சொன்னார்: மலைக்குளிரில் குழந்தைக்கு இருமல் வருகிறது, அம்மா வேலைக்குப் போய்விட்டால் பார்க்க ஆளில்லை, இனி வருஷம் முழுக்கத் தன்னிடம் இருக்கட்டும், லீவுக்கு மட்டும் அம்மாவிடம் போகட்டும் என்று அப்பா கேட்கிறார். கடைசி வரியை மட்டும் மலையாளத்தில் இருந்தபடியே வாசித்தார்.

“பதினஞ்சு திவசத்தினுள்ளில் மறுபடி கொடுக்கணும். மனசிலாயோ டீச்சரே?”

“விளங்கிட்டு சார்,” என்றேன்.

மறுபடி கொடுக்கணும். வாங்கிய பிள்ளையைத் திரும்பவும் கொடுக்கணும். இதைப் போய்த் தமிழ் டீச்சருக்கு யார் விளக்க வேண்டும்?

யாரிடமும் சொல்லவில்லை. பாவாடைகளைத் துவைத்து அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தினேன். புகை வாசத்தோடு தகரப் பெட்டியில் அடுக்கினேன். “மறுபடி எப்பம்மா இங்க வருவேன்?” என்றாள் மகள். அந்தச் சொல் தேளாய்க் கொட்டியது.

காகிதத்தில் நேரில் வரச் சொல்லியிருந்த பதினைந்தாம் நாள் பெட்டியும் பிள்ளையுமாகக் கோர்ட்டு வராந்தாவில் போய் நின்றேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார், தோளில் ஈரத்துண்டோடு.

“ஏம்புள்ள, பொட்டியெல்லாம் எதுக்கு?”

“நீங்க கேட்டீக. கோர்ட்டும் மறுபடி கொடுக்கணும்னுட்டு. கூட்டிட்டுப் போங்க. இருமினா மிளகுக் கசாயம் குடுங்க, சீனி போட்டாத்தான் குடிப்பா.”

அவர் கை பெட்டியின் பிடிவரைக்கும் போனது. பிடித்தது. அப்படியே நின்றது. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவர் கையை எடுத்துவிட்டார்.

“அது நம்ம மறுபடி இல்ல புள்ள. மலையாளத்துல மறுபடின்னா பதிலு. நான் கேட்டதுக்கு நீ என்ன சொல்றேன்னு கேக்கறாங்க, அவ்வளவுதான்.”

“பதிலா?”

“பதிலேதான். பேசி உன்னைய ஜெயிக்க முடியாதுன்னுதான் கோர்ட்டுக்கே வந்தேன். போ, எழுதிக் குடு. ஏமாத்திக் கூட்டீட்டுப் போனா நாளைக்கு இவ மூஞ்சில எப்படி முழிக்கறது?”

அவர் மனுவை விட்டுக்கொடுக்கவில்லை. என்னை ஏமாற்ற மட்டும் மறுத்தார்.

அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தேன். மகளின் நோட்டில் இரண்டு தாள் கிழித்தேன். பதினைந்து நாள் மலையில் தேங்கிய தண்ணீர் ஒரே மடையில் இறங்குவதுபோல எழுதினேன். இருமல் போன மழையில் வந்தது, போயும்விட்டது. நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்கிறார்; நான் போகும் வேலையே அவள் படிக்கும் பள்ளிக்கூடம்தான், என் மேஜைக்கு எதிரே இரண்டாவது பெஞ்சு. கடைசியில், அவர் பெட்டியிலிருந்து கையெடுத்ததை நினைத்து ஒரு வரி சேர்த்தேன்: அரைப் பரீட்சை லீவுக்கும் அவள் அப்பாவிடம் போகட்டும்.

ஒரு வக்கீல் குமாஸ்தா அதை மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். நீதிபதி வாசித்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றிய வரி வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

“இதினு நிங்களுக்கு மறுபடி உண்டோ?”

“இல்லீங்க,” என்றார் அவர். தலை குனிந்திருந்தது, உதட்டோரம் மட்டும் சிரிப்பு.

பிள்ளை என்னிடமே என்று ஆனது. பஸ் கூரையில் தகரப் பெட்டி மறுபடி மலையேறியது. மகள் என் தோளில் சாய்ந்து, வழியெல்லாம் வாய்ப்பாடு பாடிக்கொண்டே வந்தாள். சாரல் முகத்தில் அடித்தும் ஜன்னல் திரையை இறக்க எங்களுக்கு மனமில்லை.

இன்றும் வகுப்பில் திக்கி நிற்கும் பிள்ளையிடம் ‘மறுபடி சொல்லு’ என்னும்போதெல்லாம் அந்த வராந்தா என் கண்முன் வந்துவிடுகிறது: கேட்காமலே தோற்கக் கிளம்பியவளை, ஜெயிக்க வந்தவரே நிறுத்தி, உன் பதிலைச் சொல் என்றாரே, அந்தச் சொல்லைத்தான் நான் இன்னும் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.