ஸ்ரீலக்ஷ்மி பெயரில் விழுங்கிய பலூன்

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹனீஃபா ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்து ஐவியின் கட்டிலருகே வைத்தார். உள்ளே ஸ்பிரிட்டில் ஒரு சமாச்சாரம் மிதந்தது. தவளைத் தோலை உரித்து ஒரு வாரம் சாக்கடையில் ஊறவைத்துப் பிழிந்து போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

"இதுதாம்மா உங்க குடல அடைச்சிக்கிட்டிருந்தது. காத்து போன பலூன். தூக்கிப் போட்டுடாதீங்க. கேஸ் போடுங்க."

ஐவிக்குக் குமட்டியது. ஆனால் வயிற்றில் இருபத்திரண்டு தையல். நிம்மதியாக வாந்தி எடுக்கக்கூட வழியில்லை.

இது 1997இல். அதற்கு எட்டு மாதம் முன்பு ஐவி தொண்ணூற்று நாலு கிலோ. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர், வயது முப்பத்தாறு, கல்யாணமாகவில்லை. பிள்ளைகள் வைத்த பேர் ரோடு ரோலர். அது அவளுக்கே தெரியும், சிரித்துக்கொள்வாள். சிரிக்க முடியாதது கோயில் பாடகர் குழுவில் இருந்த பிரிஸில்லாவின் வாயைக் கேட்டுத்தான். பாடகர்கள் நிற்கும் மாடத்துக்கு மரப்படி ஏறிப் போக வேண்டும். ஞாயிறுதோறும் பிரிஸில்லா கீழேயே ஒதுங்கி நின்று, "நீ மொதல்ல ஏறு ஐவி. ஒடஞ்சா ஒன்னோட போவட்டும்" என்பாள். பின்னால் நிற்கும் பத்துப் பேரும் ஜெபம் செய்கிற முகத்தோடு சிரிப்பார்கள்.

உடம்பு இளைக்க ஐவி தேடிப்போன கிளினிக் பாண்டி பஜாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஏ.சி., சோபா, மீன்தொட்டி. அங்கிருந்த டாக்டருக்கு விரலுக்கு ஒரு மோதிரம், ஊறிப்போன பூரி மாவு மாதிரி கை. அந்தக் கையால் அவள் வயிற்றை, சந்தையில் பலாப்பழத்தை அமுக்கிப் பார்ப்பதுபோல நாலு இடத்தில் அமுக்கினார்.

"கத்தி இல்ல, ரத்தம் இல்ல. வாய் வழியா பலூன எறக்கி உள்ள ஊதிடுவோம். வயிறு நெறஞ்சிருச்சுன்னு ஏமாந்துடும். ஆறே மாசம், சினிமாவுல சேந்துடலாம்."

முகப்பில் இருந்த பெண் பேர் கேட்டாள். தி.நகரில் கடைக்கு வராத சாந்தோம்காரர் கிடையாது. இங்கே பேரை உரக்கக் கூப்பிடுகிறார்கள். எவள் காதிலாவது விழுந்தால்? அடுத்த வகுப்பு டீச்சரின் பேர்தான் ஐவியின் வாயில் வந்தது: "ஸ்ரீலக்ஷ்மி." அந்த ஸ்ரீலக்ஷ்மி நாற்பது கிலோகூட இருக்கமாட்டாள், பாவம். அந்தப் பேருக்குப் பொருத்தமாக ஐவி ஒவ்வொரு முறையும் பஸ்ஸிலேயே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

பலூன் உள்ளே போன நாளிலிருந்து அழுகிய முட்டை வாடையில் ஏப்பம். முதல் பெஞ்சு பிள்ளைகள் தாங்களாகவே மூன்றாம் பெஞ்சுக்குக் குடிபோனார்கள். ஆறு மாதம் முடிந்ததும், எடுத்துவிடுங்கள் என்று போய் நின்றாள். டாக்டர் வாட்ச்சைப் பார்த்தபடி, "ஃபாரின்ல ஒரு வருஷம் வெக்கிறாங்க மேடம். பயந்தா எளைக்க முடியுமா?" என்றார். ஏழாம் மாதம் பலூன் காற்றுப் போய்ச் சுருங்கி, குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டது.

வக்கீல் சுப்பராமன் மயிலாப்பூர்க்காரர். நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு பதில் வந்ததும் ஐவியை வரவழைத்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐவின்னு ஒருத்தரை நாங்க பாத்ததே இல்லேங்கறான். அந்த வைத்தியத்தையே விட்டுட்டேன், கிளினிக்கையும் மூடிட்டேன்னு வேற எழுதிருக்கான். ஆஸ்பத்திரி சீட்டுல ஐவி, அவன் ஃபைல்ல ஸ்ரீலக்ஷ்மி. ஏம்மா பேரை மாத்திச் சொன்னேள்?"

"வெக்கம் சார்."

"ரெண்டும் நீங்கதான்னு சொல்ல யாராவது இருக்காளா?"

இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பங்குச் சாமியார் ஃபிரெட்ரிக். பாவசங்கீர்த்தனத்தில் ஐவி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அங்கே கேட்டதை அவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது. இன்னொருத்தி பிரிஸில்லா.

ஒருநாள் ஐவி கிளினிக் படியிறங்கும்போது, மேலேயிருந்து அந்த முகப்புப் பெண், "ஸ்ரீலக்ஷ்மி மேடம், ரிப்போர்ட்ட விட்டுட்டீங்க!" என்று கத்தினாள். பொட்டும் நெற்றியுமாக ஐவி திரும்பி, "இதோ வரேம்மா" என்றாள். எதிரே பாத்திரக்கடை வாசலில் பிரிஸில்லா, கையில் இட்லிக் குண்டானோடு. ஐவி எவனையோ ரிஜிஸ்டர் கல்யாணம் செய்து பேரை மாற்றிக்கொண்டாள் என்று மறுநாளே ஊர்வலம் விட்டாள். ஐவி கோயில் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் வேதப்புத்தகத்தில் கைவைத்து, "அது நா இல்ல" என்றாள். பொய்ச் சத்தியம். சாமியாரிடம் ஓடியது அதற்காகத்தான். ஊரார் பிரிஸில்லாவைப் புளுகி என்றார்கள். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் அவள் தனியாகப் பாட இருந்த பாட்டையும் பிடுங்கி ஐவிக்கே கொடுத்தார்கள். ஐவியும் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு பாடினாள்.

இப்போது அந்தப் பிரிஸில்லாவின் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே நெத்திலி வறுக்கும் வாடை.

"இன்னா, ஸ்ரீலக்ஷ்மி மேடமா? வாங்க வாங்க."

"நீ பாத்தது நெஜம் பிரிஸில்லா. நாந்தான். கோர்ட்டுல வந்து சொல்லணும்."

பிரிஸில்லா கரண்டியை வைத்தாள். சிரிக்கவில்லை. "என் புள்ளையே என்ன புளுகின்னு கூப்புட்டான், தெரியுமா? நீ எங்க நின்னு சத்தியம் பண்ணியோ அங்கயே நின்னு சொல்லு. ஞாயித்துக்கெழமை, ரெண்டாம் பூசை முடிஞ்சதும். அப்புறம் நா வரேன்."

ஐவி மூன்று இரவு தூங்கவில்லை. சொல்லாவிட்டால் டாக்டர் தப்பிப்பான், வயிற்றில் போட்ட வெட்டு யாருடையதோ ஆகிவிடும். சொன்னால் மிச்ச ஆயுசுக்கும் ஊர்வாயில் அவள்தான் அவல்.

ஞாயிறன்று வாசலில் நின்று சொன்னாள். பலூன், பொட்டு, பொய்ச் சத்தியம், எல்லாம். பிறகு ஆரம்பித்தது.

"வாய் வழியாவா?"

"வெடிக்காதா?"

"இப்ப எத்தினி கிலோ?"

ஒரு கிழவர் கிட்டே வந்து அவள் வயிற்றையே உற்றுப் பார்த்தார். செத்த மாட்டின்மேல் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்தார்கள். பிரிஸில்லாதான் உள்ளே புகுந்து ஐவியின் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும், போங்கய்யா. படம் முடிஞ்சிடுச்சு."

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பிரிஸில்லாவிடம் இளித்துக்கொண்டே கேட்டார்: "உங்களுக்கும் இவங்களுக்கும் ஆகாதாமே? பொறாமையாமே?"

"ஆமா சார், ஆகாது. அதனாலதான் நல்லா பாத்தேன். ஆவுறவளா இருந்தா கண்டுக்காம போயிருப்பேன். புடவை ஊதா, பொட்டு மெரூன், அதுவும் கோணலு. ஸ்ரீலக்ஷ்மின்னு கூப்பிட்டாங்க, இவ திரும்புனா."

மேஜைக்குப் பின்னால் இருந்த மூவரில் ஒருவர் பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார். தலைவர் ஐவியைப் பார்த்து, "பொய்ப் பேர் கொடுத்தது தப்பில்லையாம்மா?" என்றார்.

"தப்புதாங்கய்யா. பேரு பொய். வயிறு என்னுது."

தீர்ப்பு பிறகு என்று தேதி போட்டார்கள். வெளி வராந்தாவில் டாக்டர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் இவர்கள் பக்கம் வந்தார். ஐவியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிரிஸில்லாவைத் தலையிலிருந்து இடுப்புவரை, அங்கேயே கண்ணை நிறுத்தி, எடை போட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்களுக்கு ஒரு பதினஞ்சு கிலோ ஜாஸ்தி. இப்ப அடையாறுல புது எடம். வந்து பாருங்க."

விசிட்டிங் கார்டை நீட்டினார். அதில் ஒரு குண்டுப் பெண், பக்கத்தில் ஓர் ஒல்லிப் பெண், நடுவில் ஓர் ஊதா பலூன்.

ஐவி கை நீட்டிக் கார்டை வாங்கினாள். டாக்டரின் விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு சுப்பராமனிடம் கொடுத்தாள்.

"சார், அந்த வைத்தியத்த விட்டுட்டேன்னு எழுதிக் கொடுத்தாருல்ல? இதையும் சேத்து வைங்க. இன்னிக்குத் தேதியப் போட்டு."