இரண்டு கேமராவும் நாலாவது ஆளும்

எங்கள் வீட்டில் இருந்ததே மூன்று பேர்தான். அப்பா, அம்மா, நான். ஆனால் எனக்கு ஒன்பது வயது ஆகும்வரை நாங்கள் மூவர் மட்டும் சேர்ந்து நின்று ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. மூன்று பேராக நின்று படம் எடுத்தால் அதில் ஒருவருக்கு ஆகாது என்பது அம்மாவின் கட்சி. யாருக்கு ஆகாது, ஏன் ஆகாது என்று கேட்டால், "வாய வச்சிகிட்டு சும்மா இரு" என்பாள். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. தினமும் ஆங்கிலப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவர், பல்லி விழும் பலனைக் கேலி செய்பவர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரும் வாய் திறக்க மாட்டார்.

வெளியே போகும்போது கிள்ளானில் இருந்த பெரியப்பாவின் கேமராவை இரவல் வாங்கிக்கொள்வோம். அப்பா படம் எடுத்தால் நானும் அம்மாவும் மட்டும் இருப்போம். அப்பாவும் வேண்டுமென்றால் யாரிடமாவது கேமராவைக் கொடுக்க வேண்டும். கூடவே இன்னொருவரைப் பிடித்து நாலாவதாக நிறுத்த வேண்டும். பத்துமலை அடிவாரத்தில் எடுத்த படத்தில் அப்படி மாட்டியவர் ஒரு ஐஸ்கிரீம்காரர். கையில் மணியோடு, எங்கள் சொந்த மாமா போல அப்பாவின் தோளை உரசிக்கொண்டு நிற்கிறார்.

மூன்றாம் ஆண்டில் எங்கள் ஆசிரியை, வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு ஆளுக்கொரு குடும்பப் படம் கொண்டுவரச் சொன்னார். அம்மா, அப்பா இருவரும் தெளிவாகத் தெரிந்தது அந்தப் பத்துமலைப் படம் ஒன்றில்தான். அதைக் கொண்டுபோனேன். மணியோடு நிற்பவர் யார் என்று கேட்டார்கள். மாமா என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அன்றிலிருந்து ஓய்வு நேரத்தில், உனக்கு மட்டும் ஐஸ்கிரீம் சும்மா கிடைக்குமா என்று ஒரு கூட்டமே என் பின்னால் வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிற ஒரு படம் வேண்டும், வேறு ஒருவரும் கூடாது என்று சாதித்தேன். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா என்னைச் சமாதானப்படுத்த, நாமே சொந்தமாக ஒரு கேமரா வாங்கிவிடலாம் என்றார். அதனால் என் கஷ்டம் எப்படித் தீரும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா ஒரு பொருள் வாங்குவதென்றால் அது சின்ன வேலையில்லை. எங்கள் வீட்டு மின்விசிறியை வாங்குவதற்கு முன்னால் கோலாலம்பூரில் உள்ள அத்தனை மின்விசிறிகளின் முன்னாலும் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நின்று பார்த்திருக்கிறார். கேமராக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடை முதலாளியான சீனத் தவுக்கே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பல கேமராக்களை எடுத்து வைத்தார். அப்பா விடாமல் கேள்வி கேட்டு, கடைசியில் இரண்டு கேமராக்களில் வந்து நின்றார். இரண்டுமே கைக்குள் அடங்கும் அளவுதான். ஒன்று வெள்ளி நிறம், இன்னொன்று கறுப்பு. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். எது நல்லது என்று அப்பா மலாயில் எத்தனை விதமாகக் கேட்டும், "டுவா டுவா பாகுஸ்" என்ற ஒரே பதில்தான் வந்தது. இரண்டும் நல்லது என்று சொல்கிற கடைக்காரரை நம்பி அப்பா ஒரு சோப்பைக்கூட வாங்க மாட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வெள்ளி நிறக் கேமராதான் பெரியப்பாவிடம் இருந்தது. கறுப்பு நிறத்தை அப்பாவோடு வேலை செய்த ஓர் அங்கிள் சாலாக் செலாத்தானில் வைத்திருந்தார். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்குவது என்று அப்பா முடிவு செய்தார். பெரியப்பாவுக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம். தன் கேமராவைப் பரீட்சைக்கு உட்காரவைப்பது தன்னையே உட்காரவைப்பது மாதிரி அவருக்குப் பட்டது. "என் கேமராவுல எறும்ப எடுத்தா அதோட மீசை தெரியும் லா. இதுக்குப் போயி இன்னொண்ண வச்சிப் பாக்குறியே தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அப்பா இரண்டு கேமராக்களையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை இரண்டிலும் மாற்றி மாற்றி எடுத்தார். அம்மா துணி காயப்போடுவது, கீழே ரயில் தண்டவாளம், வெயிலில் நான், நிழலில் நான். முதல் படத்துக்குச் சிரித்தால் அடுத்ததற்கும் அதே அளவு சிரிக்க வேண்டும். கொஞ்சம் கூடக்குறைய சிரித்தால், ஒப்பிட முடியாது என்று கோபித்துக்கொள்வார்.

கீழே எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றுகொண்டான். மூன்று பேர்! அம்மா பதறிப்போய், அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ரொட்டிக்காரரைக் கையைக் காட்டி நிறுத்தினாள். "அண்ணே, சீக்கிரம் வந்து நில்லுங்க" என்றாள். அவர் எதற்கென்றே கேட்காமல் ஒரு முழு ரொட்டியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். வெள்ளிக் கேமராவில் நின்றவர் கறுப்பிலும் நிற்க வேண்டுமல்லவா, அதனால் அவரைப் போகவும் விடவில்லை. இரண்டாவது படமும் எடுத்த பிறகுதான் அவரால் ரொட்டி விற்கப் போக முடிந்தது.

கறுப்புக் கேமராவில் வெள்ளியில் இல்லாத ஒரு வசதி இருந்தது. செல்ஃப் டைமர். அதைத் திருப்பிவிட்டால் முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி, கடைசியில் தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். அதையும் சோதிக்க வேண்டுமே. அப்பா கேமராவை மாடிப்படிக் கட்டையில் வைத்து, திருப்பிவிட்டு, ஓடிப்போய்த் தனியாக நின்றார். வயிறு குலுங்க அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அந்தச் சிவப்பு விளக்கையே வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். ஆளே இல்லாமல் எடுக்கிறதே, அப்படியானால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லையே என்று எனக்கு ஆசை பொங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

படங்கள் கழுவி வந்ததும் அப்பா சாப்பாட்டு மேசையில் இரண்டு வரிசையாகப் பரப்பி, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். சந்தேகமே இல்லை, வெள்ளிதான் ஜெயித்தது. ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் எண் வெள்ளியில் பளிச்சென்று படிக்க முடிந்தது; கறுப்பில் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. கறுப்பில் எடுத்ததில் ஓரங்கள் எல்லாம் கொஞ்சம் கலங்கியிருந்தன. செல்ஃப் டைமர் படத்திலோ அப்பாவின் முதுகுதான் விழுந்திருந்தது. நாளைக்கே போய் வெள்ளியை வாங்கிவிடலாம் என்று சொல்லிப் படங்களை அடுக்கத் தொடங்கினார்.

எங்கள் வீட்டில் சாமான் வாங்கும் பேச்சில் அம்மா தலையிடுவதே இல்லை. அன்றைக்கு என்னவோ சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு சொன்னாள். "என்னங்க, அந்தக் கறுப்பையே வாங்குங்க. அதுதான் தானா எடுக்குதுல்ல. நாலு பேரும் சேந்து நிக்கலாம்."

அப்பா பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "நெஜமாவா?" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். பால் பொங்கும் சத்தமே கேட்கவில்லை. அப்பா கேட்டது கேமராவைப் பற்றி என்றுதான் நான் நினைத்தேன். இத்தனை பாடுபட்டு ஒப்பிட்டுவிட்டு, தோற்றுப்போன கேமராவை இவ்வளவு சந்தோஷமாக யாராவது வாங்குவார்களா? அப்பா வாங்கினார். மறுநாளே போய், பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தார்.

விஷயம் கேள்விப்பட்டுப் பெரியப்பா கொதித்துப்போய் வந்தார். கண்ணு தெரியாத கேமராவுக்குக் காசைக் கொட்டியிருக்கிறானே என்று ஆரம்பித்தார். பெரியம்மா அவர் காதில் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான், ஆள் அடங்கிவிட்டார். அடுத்த வாரம் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து, கறுப்பும் நல்ல கேமராதான் என்றார்.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அந்த நாலாவது ஆள் யார்? அம்மாவிடம் கேட்டால், "வந்தா தெரியும்" என்று சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பையனாக இருக்குமோ என்று பயந்தேன். ரொட்டிக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று அவரிடமே கேட்டுப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கிள்ளான் பெரியப்பா வீட்டு அக்கா யாராவது எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வருகிறாளோ என்று எனக்கு நானே ஒரு கதை கட்டினேன். இதற்கிடையில் அப்பா துணி காயப்போட ஆரம்பித்திருந்தார். அதுவரை ஒரு கைக்குட்டையைக்கூடப் பிழியாதவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஆன்டிகள் சிரித்தார்கள். புதுக் கேமரா வந்த சந்தோஷம் என்று அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பச்சைப் புடவை கட்டிக்கொண்டாள். அப்பா இஸ்திரிப் பலகையை விரித்து, அதன்மேல் என் தமிழ்ப் புத்தகத்தை வைத்து, அதன்மேல் கேமராவை வைத்தார். கூடத்துச் சுவர் ஓரமாக நானும் அம்மாவும் நின்றோம். சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. அப்பா ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

"அம்மா, இன்னொருத்தங்க எங்கம்மா?"

"எல்லாரும் வந்தாச்சு பாப்பா. நேரா பாரு."

நான் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினேன். கேமரா எடுத்துவிட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே, பள்ளிக்கூடத்துக்கு நான் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா குளியலறையிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு நான் பள்ளிக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள், பெரியப்பா வந்து கிள்ளானுக்குக் கூட்டிப்போனார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றார்கள். கிள்ளானில் எனக்கு ராஜ உபசாரம்தான். பெரியம்மா காரணமே இல்லாமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். துணியை அப்பாதான் காயப்போட்டார். இந்த முறை ஆன்டிகள் யாரும் சிரிக்கவில்லை.

அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு நான் படத்தைக் கேட்டேன். அப்பா கேமராவிலிருந்து படச்சுருளைக் கழற்றினார். பிறகு கழுவக் கொடுத்து வாங்கிவந்தார். அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய், ஐஸ்கிரீம்காரரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒட்டினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெருமையாக ஒரு பொருளைச் சுவரில் ஒட்டியதில்லை.

அம்மாவும் மாறிப்போயிருந்தாள். அந்த ஆண்டு விடுமுறையில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். ஒரு மலாய் இளைஞர் தானாகவே வந்து எங்களைப் படம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். நான் பழக்கதோஷத்தில் நாலாவதாக யாரை இழுக்கலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். "பரவால்ல, இப்படியே நில்லு" என்றாள் அம்மா. அதன்பிறகு மூன்று பேர் நிற்பதைப் பற்றி அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு ஒரே குஷி. ஜப்பான்காரன் கேமரா வந்து அம்மாவின் மூட நம்பிக்கையை விரட்டிவிட்டது என்று தோழிகளிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி முதல் தடவை வீட்டுக்குப் போயிருந்தபோது, என் கணவர் அந்தப் பழைய ஆல்பத்தைப் புரட்டினார். இஸ்திரிப் பலகைப் படத்தைப் பார்த்துவிட்டு, "மூணு பேரா நிக்க எங்க வீட்டுல விடவே மாட்டாங்க அத்தை, நீங்க பயப்படலையா" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அதுல நாலு பேரு மாப்ள. எனக்கு அப்ப மூணு மாசம்."

அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா இன்னும் இரண்டு காயை நறுக்கினாள். பிறகு, டீ போடட்டுமா என்று கேட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முன்னால் அழவும் பயமாக இருந்தது. மூன்று பேராக நின்றால்தான் ஆகாது என்று வாழ்நாளெல்லாம் காத்து வந்தவள், நாலு பேராக நின்று இழந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் எதற்குப் பயப்படுவது?

இப்போது அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் பரீட்சையில் தெரிந்தது போலவே ஓரங்கள் கலங்கியிருக்கின்றன. நடுவில் அம்மா ஒரு கையை என் தோளிலும், இன்னொரு கையைப் பச்சைப் புடவையின் மடிப்பில், வயிற்றின் மேலும் வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. இருவரும் கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் என்றார்களே, இன்னும் ஒருவர் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.