கிராணி மேல் விழுந்த பழி

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம், மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பழைய ஆங்கில அகராதி ஒன்றைத் தூக்கிப்போட எடுத்தபோது அதற்குள்ளிருந்து ஒரு கடிதம் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு, எழுதிய நண்பனைப் பார்க்க மலையேறினேன்.

நாங்கள் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் போனேன். அவன் ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தான். முதல் வருடமே அவன் அப்பா மலைச்சரிவில் விழுந்து கால் உடைந்தது. வீட்டில் யாராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு நிலைக்கும். அவனுக்கு அம்மா இல்லை, தங்கைகள் சின்னவர்கள். விடுப்பில் வீட்டுக்கு வந்தவன் எனக்கு எழுதினான். 'அப்பாவுக்குக் கால் கூடும் வரை மூன்று மாதம் வீட்டை விட்டுவைக்கச் சொல்லி, துரைக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி அனுப்பு. நீ எழுதினால் அவர் படிப்பார். உன் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறேன்.'

நான் எழுதவில்லை. எனக்குப் பரீட்சை இருந்தது உண்மைதான், ஆனால் அது சாக்கு. என் உபகாரச் சம்பளத்துக்குச் சிபாரிசு செய்தவரே தோட்ட மேலாளரான அந்தத் துரைதான். அவர் முகம் கோணிவிடுமோ என்று பயந்தேன். கடிதத்தை அகராதிக்குள் வைத்து மூடினேன்.

விடுமுறைக்குப் போனபோது அவன் படிப்பை விட்டுவிட்டு, தேயிலை ஆலையில் இலை வறுத்துக்கொண்டிருந்தான்.

"என் கடுதாசி கெடச்சிச்சாடா?" என்று கேட்டான்.

"எந்தக் கடுதாசி?" என்றேன்.

அவன் திரும்பி ஆபீஸ் பக்கம் பார்த்தான். அந்தக் காலத்தில் தோட்டத்துத் தபால் எல்லாம் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கையால்தான் பைக்குள் போகும். அவன் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுக்க அவர் முயன்றதாக லயத்தில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. கிராணிதான் கடிதத்தைக் கிழித்துவிட்டார் என்று அவன் முடிவு கட்டினான். நான் மறுக்கவில்லை.

பிறகு நான் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தேன். முப்பது வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதுதான் என் வேலை.

போன வருடம் தானா ராத்தா கடைக்குள் நான் நுழைந்ததும் அவன்தான் முதலில் பார்த்தான். "வாங்க கேஎல் பெரியவரே! தலையில இருந்ததெல்லாம் எங்க, பஸ்ல விட்டுட்டு வந்துட்டியாலா?"

தே தாரேக், நுரைக்க ஆற்றிய பால் டீ, வந்தது. நான் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் கையெழுத்தைக் கடைசி வரி வரை படித்தான்.

"இது எப்ப கெடச்சிச்சி?"

"நீ போட்ட நாலாம் நாளே."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். படிப்பு போனதைச் சொல்லுவான் என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"அப்ப கிராணி மேல தப்பில்லயா?"

"இல்ல."

தே ஆறி, மேலே ஆடை படிந்தது.

"எத்தனையோ தடவ அவரா வந்து பேசுனாருடா. நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போவேன். அவரு சாவுக்கும் போகல. எங்க லயத்து வழியாத்தான் தூக்கிட்டுப் போனாங்க. கதவச் சாத்திக்கிட்டு உள்ளாரயே ஒக்காந்திருந்தேன்."

தோட்டத்தில் ஒருவர் சாவுக்குப் போகாமல் இருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பகையாளிகூடப் பாடையின் பின்னால் நாலு எட்டு நடப்பான்.

அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அவரு மக ரிங்லெட்ல காய்கறிக் கடை வெச்சிருக்கு. நான் போறேன். நீயும் வரணும்."

சரி என்றேன். மேசையில் கிடந்த கடிதத்தை மடித்து அவனிடம் நீட்டினேன்.

"நீயே வெச்சிக்க. ஒனக்குத்தான எழுதுனேன்" என்றான்.

அவனோடு ரிங்லெட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்கப்பா கடசி வரைக்கும் இவரு பேசாததுக்குக் காரணம் தெரியாமத்தான் போனாரு" என்று மட்டும் சொன்னார். கடிதம் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. நண்பனுக்குச் செய்த துரோகத்தை அவனிடமாவது ஒப்புக்கொள்ள முடிந்தது, ஏன் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்த அந்த மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு வழியே இல்லை.