அண்ணாச்சி விட்ட போணி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ராஜபாளையத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன், வாங்க வருகிறவர்களே "அன்சார் பாய் இன்னைக்கு எப்படி?" என்று பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் நாட்டு மருந்துக் கடை சுயம்புலிங்கம் அண்ணாச்சி பேரைச் சொன்னால் அடங்கிவிடுவேன்.

கல்யாணமான புதிதில் எனக்குக் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய். "குணமாக்கிடலாம். ஆனா கீமோ ஏத்தினா பொறவு குழந்தை பிறக்குறது கஷ்டமாகலாம். முன்னாடியே மதுரையில விந்தைச் சேமிச்சு வச்சிருங்க" என்றார் டாக்டரம்மா. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "அதெல்லாம் வேண்டாம் மேடம்" என்று எழுந்து வந்துவிட்டேன். என் மனைவி ஹஃபீஸா வழியெல்லாம் அழுதாள். பிள்ளை என்றால் அவளுக்கு உயிர்.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ விதையில் உள்ள சத்து, கீமோவிலிருந்து விந்தணுவைக் காப்பாற்றுகிறதாம். விடுவேனா? மறுநாள் காலை அண்ணாச்சி கடை திறக்கும்போதே போய் நின்று, டாக்டரம்மா சொன்னதையும் நான் கூச்சத்தில் எழுந்து வந்ததையும் ஹஃபீஸா அழுததையும் சொல்லி அந்த விதைப்பொடியைக் கேட்டேன்.

அவர் வீடியோவைக் கடைசிவரை பார்த்தார்.

"ஏலே, இது எலிக்குக் குடுத்துப் பாத்ததுல்லா? மனுசனுக்கு இன்னும் தெரியலன்னு அவியளே சொல்லுதாவ. கீமோ மருந்தோட இது மல்லுக்கு நின்னா என்ன செய்வ?"

"அண்ணாச்சி, நான்தான் போணி!"

முதல் ஆளை எந்த வியாபாரியும் வெறுங்கையோடு அனுப்பமாட்டான். நட்டத்துக்காவது கொடுத்துவிடுவோம், இல்லாவிட்டால் அன்றைய நாள் விளங்காது என்பார்கள். அண்ணாச்சியோ டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்தார்.

"டாக்டரம்மா சரின்னா வா, தாரேன். இப்ப தரமாட்டேன்."

"பொறவு என்ன மயித்துக்குக் கடை தொறந்தீரு?" என்று கத்தினேன்.

அவர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். "வா, மதுரைக்குச் சரக்கெடுக்கப் போறேன். நீயும் ஏறு."

பஸ்ஸில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "கூச்சம் ஒரு நாளைக்குத்தாம்லே. ஒம் பொஞ்சாதி ஆயுசுக்கும் அழணுமா?"

மதுரை ஆஸ்பத்திரியில் நான் அந்த அறைக்குள் போய்விட்டு வரும்வரை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். சரக்கும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை.

கீமோ முடிந்தது, பிழைத்தேன். ஆனால் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லை. மதுரையில் வைத்ததுதான் கைகொடுத்தது. போன மாதம் ஷிஃபா பிறந்தாள். அல்ஹம்துலில்லாஹ்! அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும்.

பிள்ளையின் கையில் கட்ட வசம்பு வேண்டும் என்றாள் ஹஃபீஸா. விடிந்ததும் கிளம்பி, அண்ணாச்சி வருவதற்கு முன்பே ஷட்டர் முன்னால் நின்றேன்.

"வசம்பு குடுங்க அண்ணாச்சி. மக பொறந்திருக்கா."

எடுத்துக் கொடுத்தார். நான் நீட்டிய ரூபாயை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிய கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

"ஏலே, அன்னைக்கு விட்ட போணி இது" என்றார். "இன்னைக்குத்தான் ஆச்சு."