சிவப்புத் துண்டுக்காரிக்கு ஒரு பேர்

நான் இதுவரை செய்த கம்ப்யூட்டர் விளையாட்டுகள் ஆறு. ஐந்து பொழுதுபோக்குக்காகச் செய்தவை. ஆறாவதை ஒரே ஓர் ஆளுக்காகச் செய்தேன்.

வயதானவர்களுக்கான கம்ப்யூட்டர் வகுப்பு தலவாக்கலையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் நடக்கிறது. ஏற முப்பத்து நான்கு படிகள். பன்னிரண்டாவது படி ஆடும். மூன்று முறை சொல்லிவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை. மாணவர்கள் ஏழு பேர், கம்ப்யூட்டர் நான்கு. மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் படம் அனுப்பப் பழகினார்கள். எனக்கு விளையாட்டு செய்வது பிடித்துக்கொண்டது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையில் கிடக்கும். இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் பொம்மை நடக்கும், நிற்கும், திரும்பும். இருபத்தொன்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு அது பெரிய வித்தை இல்லை.

மூன்றாம் மாதம் எட்டாவது மாணவராக அவர் வந்தார். என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அன்றைய வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் போடுவது அவர் வேலை. பேர் விழுந்தால் அன்று வேலை உண்டு. விழாவிட்டால் வெறுங்கூடையோடு லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அட, அங்க நான் பன்னெண்டு வருசம் இருந்தேனே. ஒங்களப் பாத்த ஞாபகமே இல்ல."

எனக்கு ஞாபகம் இருந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். வாத்தியார் வேலைக்குக் காத்துக்கொண்டு, மருந்தடிக்கிற ஆண்களோடு பெரட்டில் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் வர முடியும். அங்கே ஆயா கதவைத் திறக்க ஐந்து நிமிடம் பிந்தினால் இவளும் பிந்துவாள். அந்த வருடம் இந்தக் கணக்கப்பிள்ளை அவளை ஒன்பது முறை திருப்பி அனுப்பினார். ஒன்பதாவது முறை அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பெண்களுக்குப் பேர் போட்டார். எண்ணிக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் பேரும் போயிருக்கும்.

அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன்.

"அவரு எப்பயோ மறந்திருப்பாருங்க," என்றாள்.

"மறந்தாரா இல்லயான்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? குளுருல கால் வலிக்குதுன்னு பொலம்புறீங்க, இதுல இது வேறயா?"

அறுபத்திரண்டு கட்டைகளில் விளையாட்டு தயாரானது. கூடைக்காரி ஒருத்தி பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். வாசலில் குடையும் புத்தகமுமாக ஓர் ஆள் நிற்பான். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவள் வாசலைத் தொடும் நேரம் கடிகாரம் ஒரு நிமிடம் தாண்டிவிடும். 'லேட். வீட்டுக்குப் போ' என்று எழுத்து வரும். யாராலும் ஜெயிக்க முடியாது.

அடுத்த ஞாயிறு அவர் பதினேழு முறை ஓடினார். பதினேழு முறையும் திருப்பி அனுப்பப்பட்டார்.

"கணக்கப்பிள்ளை ஐயாவுக்கே பேர் விழலயே," என்று பின்னால் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் சிரித்தார்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டார்: "வாத்தியாரய்யா, வாசல்ல நிக்கிறவனா வெளயாட வழி இல்லயா?"

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆனாலும் செய்தேன். இப்போது குடைக்காரனை ஆட்டுவது அவர். பன்னிரண்டு பெண்கள் ஒவ்வொருத்தியாக வருவார்கள். எதையும் அழுத்தாமல் விட்டால் பேர் விழும், இடது பொத்தானை அழுத்தினால் திரும்பிப் போவாள். பன்னிரண்டு பேரும் நேரத்துக்கே வரும்படி வைத்தேன். ஒருத்தியின் தலைத்துண்டுக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்தேன். என் மனைவி அந்தக் காலத்தில் கட்டியது சிவப்பு.

முதல் ஆட்டத்தில் சிவப்புத் துண்டுக்காரி முதலாவதாக வந்தாள். திருப்பி அனுப்பினார். மற்றப் பதினொரு பேருக்கும் பேர் போட்டார். அடுத்ததில் ஐந்தாவதாக வந்தாள்; திருப்பினார். கடைசியாக வந்தபோதும் அப்படித்தான்.

"கடியாரத்தப் பாருங்க, நேரத்துக்குத்தானே வந்திருக்கா. ஏன் அனுப்புறீங்க?" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அவளா? அவ என்னைக்கும் லேட்டுதான். புள்ளயக் காம்பராவுல விட்டுட்டு மூச்சு வாங்க ஓடி வருவா."

என் விளையாட்டில் பிள்ளை கிடையாது. பிள்ளைக்காம்பராவும் கிடையாது.

அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். கை பொத்தான்மேல் அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரை என் பக்கம் இழுத்து, சிவப்புத் துண்டுக்காரிக்குக் கீழே 'திரும்பிப் போ' என்றிருந்த ஒரே ஒரு கட்டையைக் கழற்றினேன். பிறகு அவர் முன்னால் திருப்பி வைத்தேன்.

"வெளயாடுங்க."

அவள் வந்தாள். அவர் இடது பொத்தானை அழுத்தினார். அவள் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார். குடைக்காரனைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றாள். பேர் விழுந்தது.

"பட்டன் ரிப்பேரு போல இருக்கே," என்றார், குரலை இறக்கி.

"ரிப்பேர் இல்லங்க. அவ போவா."

வகுப்பு முடிய இருபது நிமிடம் இருந்தது. அதற்குள் ஒன்பது ஆட்டம் ஆட வைத்தேன். ஒன்பதிலும் அவளுக்குப் பேர் விழுந்தது.