முனுசாமி கட்டம்

நகரியில் அந்த வருஷம் இரண்டே விஷயங்களைத்தான் பேசினார்கள். ஒன்று, திருத்தணி மதராஸோடு போகிறதே, நாம் மட்டும் ஏன் ஆந்திராவில் இருக்க வேண்டும் என்பது. இன்னொன்று கணவாய் முனுசாமி. முதல் பேச்சில் சண்டை வரும். தமிழ்க்காரர்கள் ஒரு பக்கம், தெலுங்குக்காரர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து, டீக்கடை பெஞ்சைத் தூக்குகிற வரைக்கும் போகும். அந்த நேரத்தில் யாராவது முனுசாமி பேச்சை எடுத்தால் போதும். பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் அதன்மேல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

கணவாய்ப் பாதையில் தனியாகப் போகிறவர்களைக் கொன்று கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வதுதான் முனுசாமியின் தொழில். எத்தனை பேரைக் கொன்றான் என்பது நாம் கேட்கிற நேரத்தைப் பொறுத்தது. காலையில் ஐந்தாக இருப்பது சாயங்காலத்துக்குள் பன்னிரண்டாகிவிடும். அவன் எல்லைக்கல் மேல் ஏறி நின்றுகொள்வானாம். இந்தப் போலீஸ் வந்தால் அந்தப் பக்கம் குதிப்பானாம், அந்தப் போலீஸ் வந்தால் இந்தப் பக்கம் குதிப்பானாம். எல்லைக்கல்லையே இன்னும் நடவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவன் தமிழன் என்று நாங்கள் சொன்னோம். இல்லை, கார்வேட்டிநகரத்துப் பக்கம், எங்கள் ஆள் என்று தெலுங்குக்காரர்கள் சொன்னார்கள். திருத்தணியை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார்கள், முனுசாமியை விடமாட்டார்கள் போலிருந்தது.

எங்கள் சித்தப்பாவிடம் அவன் ஒருமுறை பீடிக்கு நெருப்பு கேட்டானாம். முதலில் சொன்னபோது நெருப்பு மட்டும்தான் கேட்டான். வாரம் போகப் போகப் பக்கத்தில் உட்கார்ந்தான், பிள்ளைகுட்டிகளை விசாரித்தான், கடைசியில், "நீ நல்லவன், போய்க்கினே இரு" என்று தோளைத் தட்டியும் அனுப்பினான்.

"அந்த நாசமாப் போறவன் பேச்ச வூட்டுல எடுக்காத. பசங்க பயந்துக்கும்" என்று அம்மா திட்டுவாள். திட்டிவிட்டுக் கரண்டியோடு அங்கேயே நிற்பாள். "அப்பால? அப்பால இன்னா சொன்னான்?"

வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற சின்னப் பெண் நான். முனுசாமி கதை என்றால் மட்டும் கூட்டத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வேன். அது பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர் எதைப் பேசுகிறதோ, புது லுங்கிக் கட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். எலெக்சன் கட்டம் வந்தது, ரயில் கட்டம் வந்தது. முனுசாமி பிடிபட்ட அன்று அரக்கு நிறத்தில் ஒரு கட்டம்போட்ட லுங்கி கட்டியிருந்தான் என்று செய்தி வந்ததும், சந்தையில் எல்லோரும் முனுசாமி கட்டம் கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் அது எப்படிப்பட்ட கட்டம் என்று இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஒருவர் பச்சைக் கோடு என்றார், இன்னொருவர் நீலம் என்றார். தெருவுக்கு ஒரு முனுசாமி கட்டம் நெய்து, என்னுடையதுதான் அசல் என்று சண்டை வேறு.

கடைசியில் நூல் கொடுக்கிற முதலாளி சொல்லிவிட்டார். அசல் கட்டத்தை எவன் பார்த்துவந்து சொல்கிறானோ, அவனுக்குத்தான் தீபாவளி வரைக்கும் நூல்.

எங்கள் தறி அப்போது நூல் இல்லாமல் சும்மா கிடந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "சித்தூர் போலாமா? கோர்ட்டுக்கு அவனக் கூட்டிகினு வராங்களாம்" என்றார். தூரத்தில் இருப்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. நான் தறிக்குத் தாரில் நூல் சுற்றுகிறவள், எந்தச் சாயத்தையும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. முனுசாமியை நேரில் பார்க்கப் போகிறேன்!

பஸ்ஸில் ஏறினால் பாதி நகரி உள்ளே இருந்தது. கண்டக்டர், "கோர்ட்டா? எக்கண்டி, எக்கண்டி" என்று ஏறச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஆட்களைத் திணித்தார். மொட்டையடிக்கத் திருப்பதிக்குக் கிளம்பிய ஒரு குடும்பம்கூட எங்களோடு வந்தது. "பெருமாள் எங்க போறாரு? இவனத் தூக்குல போட்டுட்டா அப்பறம் பாக்க முடியுமா?" என்றார் அந்த வீட்டுப் பெரியவர்.

கோர்ட்டு வாசலிலும் திருப்பதிக் கூட்டம்தான். போலீஸ்காரர்கள், "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தள்ளினார்கள். வேன் வந்தது. நைனா என்னைத் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். கையில் விலங்கோடு ஒரு ஒல்லி ஆள் இறங்கினான். எங்கள் தெருவில் உப்பு விற்க வருகிறவர் மாதிரி இருந்தான். ஒரு கொட்டாவி விட்டான். கூட்டம் "ஹா" என்றது.

"கட்டம் இன்னா? கட்டம் இன்னா?" என்று கீழேயிருந்து நைனா கேட்டார்.

"வெள்ள வேட்டி நைனா!"

லுங்கி சாட்சிப் பொருளாகிவிட்டதாம். ஒரு போலீஸ்காரர் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை உள்ளே எடுத்துப் போனார். அவ்வளவுதான். நைனா என்னை இறக்கிவிட்டுப் புளியமரத்தடிக்கு நடந்தார். கட்டுச்சோற்றைப் பிரித்தோம். எனக்கு மட்டும் அள்ளி வைத்துவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கோர்ட்டு கலைந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்து மரத்தின் மறுபக்கம் உட்கார்ந்தார். குழந்தை என் சோற்றைப் பார்த்துக் கையை நீட்டியது. நான் ஒரு வாய் ஊட்டினேன்.

"எந்த ஊரும்மா?" என்றார் அந்த அம்மா.

"நகரி. முனுசாமியப் பாக்க வந்தோம். அவன் லுங்கி கட்டம் எங்களுக்கு ஓணும். அதான் தெரியல."

"அவன் லுங்கி இல்ல அது" என்றார் அவர். "எங்க வூட்டுக்காரரது. சந்தைக்கு மாடு வாங்கப் போனாரு. கணவாயில அடிச்சிப் போட்டுட்டு, அதையும் உருவி கட்டிகினான். இதானான்னு உள்ள இப்ப பிரிச்சிக் காட்டினாங்க."

நைனா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். எனக்கோ தலைகால் புரியவில்லை. நகரியில் யாருக்கும் தெரியாத செய்தி! சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது!

"தப்பா நெனைக்காதம்மா" என்றார் நைனா, தரையைப் பார்த்தபடி. "தறி சும்மா கெடக்குது. அதுக்கோசரம் வந்துட்டோம். கொழந்த தெரியாம கேட்டுடுச்சி."

அந்த அம்மா குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். அரக்கு அகலமாக வரும், அதன் இரண்டு ஓரமும் மாம்பூ மஞ்சளில் மெல்லிசாக ஒரு கோடு, நடுவில் கருநீலம். விரலால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். "புத்தூர்ல ஒரு கடை முழுக்கக் கலைச்சிப் போட்டு எடுத்தாரு. கடைக்காரன் திட்டிட்டான்" என்று சொல்லும்போது அவர் சிரித்த மாதிரி இருந்தது.

நைனா கேட்டார். "நான் நெய்யறதுக்கு அவரு பேரையே வெச்சிடறேன்மா. அவரு பேரு இன்னா?"

"என் வாயால எப்படிண்ணா சொல்றது?" என்றார் அந்த அம்மா. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது. புருஷன் போன பிறகும் அப்படித்தான். "ஜட்ஜி அதட்டினாருன்னு உள்ள ஒரு வாட்டி சொல்லிட்டேன். அதுவே மனசு ஆறல. அதோ, அந்த மலைமேல இருக்கறவரு பேருதான்" என்று கையைத் தூக்கினார்.

அதே நேரத்தில் கூட்டம் மறுபடியும் "ஹா" என்றது. தண்ணீர் குடிக்க முனுசாமியை வராந்தாவுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். நான் துள்ளி எழுந்து திரும்பினேன். அவன் செம்பைத் தூக்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நேராக என்னைப் பார்த்தான். அத்தனை பேர் நடுவில் என்னை!

நான் திரும்பியபோது அந்த அம்மா இல்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டார்களாம். நைனா ஒரு போலீஸ்காரரிடம் போய், கூச்சத்தோடு, செத்துப்போன ஆளின் பெயர் என்ன என்று கேட்டார். "எந்தக் கேசு? இவன் மேல எத்தனையோ கேசு. ஜருகு, ஜருகு" என்றார் அவர்.

அன்றே முதலாளியிடம் கட்டத்தைச் சொன்னோம். நூல் கிடைத்தது. அந்தத் தீபாவளிக்கு நகரி முழுக்க எங்கள் வீட்டு லுங்கிதான். தெருவில் நான் ராணி மாதிரி நடந்தேன். முனுசாமி என்னைப் பார்த்த கதையைச் சித்தப்பாகூட வாய் திறக்காமல் கேட்டார். "பேர மாத்திடலாம் மொதலாளி" என்று நைனா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "இன்னா பேரு வெக்கலாம்?" என்று அவர் கேட்டதும், நைனா நூலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒருநாள் காலையில் நைனா தறியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா மலைன்னு சொல்லிச்சே, கை எந்தப் பக்கம் காட்டிச்சி? திருப்பதிப் பக்கமா, திருத்தணிப் பக்கமா? நான் தலையக் குனிஞ்சிகினு இருந்துட்டேன். நீதான அதும் மூஞ்சப் பாத்துக்கினு இருந்த?"

இதை எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கட்டம்தான் கிடைத்துவிட்டதே.

"நான் அப்ப முனுசாமியப் பாத்துகினு இருந்தேன் நைனா" என்றேன். பேச்சு வந்த பிறகு ஏன் விடுவது என்று, அவன் என்னை எப்படிப் பார்த்தான் என்பதை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.