டேப் அக்கா தேடிய சபை

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துணியில் கட்டி, நீராவி இயந்திரத்தில் வைத்து எடுத்துக் கொடுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். சூடு சரியாக ஏறியிருந்தால் அதிலுள்ள வெளிர் கோடுகள் கறுத்துவிடும். கறுக்காத கோடு ஒன்று கண்ணில் பட்டாலும் அவள் கட்டை வெளியே விடமாட்டாள். டாக்டரே வந்து நின்றாலும், "இன்னொரு தடவை போடணும் சார், அரை மணி நேரம் ஆகும்," என்பாள். குரல் உயராது. கட்டும் நகராது.

ஐம்பத்தொரு வயது. முன்பு இருந்த ஊரில் அந்தப் பிரிவை மூடிவிட்டதால் இங்கே மாற்றினார்கள். பகல் வேலைக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தது. இரவு பத்திலிருந்து காலை ஏழு வரைதான் இடம் இருந்தது. அவள் மறுபேச்சுப் பேசவில்லை. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள். ராத்திரி என்ன, பகல் என்ன.

குடியிருந்தது ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில். காலையில் வந்து படுத்தால் ஒன்பது மணிக்குக் கீழே இரும்பு அறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். தூக்கம் வராததற்குப் பட்டறைதான் காரணம் என்று கேட்டவர்களிடம் சொல்லிவந்தாள். பட்டறைக்கு விடுமுறை விட்ட நாட்களிலும் தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பாள். மத்தியானம் கொஞ்சம் கண் அயரும். அப்புறம் முழிப்பு.

ஞாயிறு மத்தியானம் தவறாமல் நாத்தனார் போன் செய்வாள். கணவரின் தங்கை, பக்தி அதிகம், பாசமும் அதிகம், இரண்டையும் தாங்குவதற்குத் தெம்பு வேண்டும்.

"அண்ணி, அங்க நல்ல சபையா பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டிருக்கேன்."

"இதையேதான் நாலு மாசமா சொல்றீங்க. அண்ணன் இருந்திருந்தா முதல் வாரமே பாத்திருப்பாரு."

அது உண்மைதான். கணவர் குழாய் வேலை செய்தவர், கோபக்காரர். இருபத்தாறு வருடத்தில் மூன்று சபைகளில் சண்டை போட்டு வெளியேறினார். அவர் வெளியேறினால் இவளும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். அடுத்த சபையில் அவர் போய் உட்கார்ந்தால் பெண்கள் பக்கம் இவளும் உட்காருவாள். உனக்கு இது பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்கவேண்டியிருந்தது. அதுவே அவளுக்கு ஒரு வேலை கூடினமாதிரி இருந்தது.

கடைத்தெரு முனையில் இருந்த பெரிய கல் கட்டடத்துக்குத்தான் முதலில் போனாள். ஞாயிறு காலை ஷிப்ட் முடித்து, ஆஸ்பத்திரிக் குளியலறையிலேயே முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு நேரே போனாள். பின்வரிசையில் உட்கார்ந்தவுடன் ஒருவர் வந்து குனிந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இது டாக்டரம்மா வீட்டுக்காரங்க உக்கார்ற இடம்."

எழுந்து முன்னால் போனாள். அது பாடகர் குழுவின் பெற்றோர் உட்காரும் இடம். மூன்றாவதாகத் தூண் ஓரமாக ஒரு இடம் கிடைத்தது. தூணுக்குப் பின்னால் இருந்ததால் அது யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. முதல் பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. இரண்டாவது வேத வாசிப்பின்போது தூணில் சாய்ந்தவள், எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஏதோ மணிச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து நின்றாள். நின்றது அவள் ஒருத்திதான். மற்ற அத்தனை பேரும் கண்ணை மூடி முழங்காலில் இருந்தார்கள்.

வெளியே வரும்போது அதே மனிதர் வாசலில் நின்றார். மரியாதையாகத்தான் பேசினார்.

"ராத்திரி நல்லா தூங்கிட்டு வாங்கம்மா. ஃப்ரெஷ்ஷா இருக்கும்."

"ராத்திரி எனக்கு வேலைங்க."

"அப்ப வேற நாள் வாங்களேன்."

வேறு நாளிலும் ராத்திரி வேலைதான் என்று சொல்ல அவளுக்குச் சக்தியில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, பழைய சினிமாக் கொட்டகை ஒன்றில் நடந்த சபைக்குப் போனாள். அங்கே டிரம்ஸ், கிடார், ஆளுயர ஸ்பீக்கர்கள். இந்தச் சத்தத்தில் யாராலும் தூங்க முடியாது என்று நிம்மதியாக இருந்தது. புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார்கள், நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு அட்டையைக் கொடுத்துப் பெயர், விலாசம், போன் நம்பர், ஜெபக் குறிப்பு எல்லாம் எழுதச் சொன்னார்கள். ஜெபக் குறிப்பில் என்ன எழுதுவது என்று யோசித்து, "மகள் சுகமாக இருக்கவேண்டும்" என்று எழுதினாள். உட்கார்ந்தாள். நாற்காலிக்கு மெத்தை இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

கண் விழித்தபோது தலைமேல் நாலைந்து கைகள் இருந்தன. பக்கத்திலிருந்த பெண் அழுதுகொண்டிருந்தாள். மேடையிலிருந்து இறங்கி வந்த பாஸ்டர் மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"சகோதரி, ஆவியானவர் உங்களைத் தொட்டிருக்காரு. என்ன அனுபவிச்சீங்க? சபைக்குச் சொல்லுங்க."

பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. முழுதாக விழிக்கவும் இல்லை.

"தூங்கிட்டேங்க," என்றாள். ஸ்பீக்கரில் அது கொட்டகை முழுக்கக் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள். பாஸ்டர் சமாளித்து, "தேவன் தரும் இளைப்பாறுதல்," என்று சொல்லி மைக்கை எடுத்துப்போனார். மறுநாளிலிருந்து அந்தச் சபையின் விசாரிப்புக் குழு போன் செய்ய ஆரம்பித்தது. சரியாகக் காலை பத்தரைக்கு, கண் சொருகும் நேரத்தில். "சிஸ்டர், எப்படி இருக்கீங்க? தூக்கத்துல இருந்தீங்களா?" நல்ல மனிதர்கள்தான். ஒரு வாரம் எடுத்துப் பேசினாள். பிறகு போனை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

நாத்தனாரிடம் மட்டும் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"இன்னைக்கு என்ன பிரசங்கம் அண்ணி?"

"பொறுமையா இருக்கணும்னு சொன்னாரு."

"போன வாரமும் அதானே சொன்னாரு?"

"நாங்க இன்னும் கத்துக்கல போல."

நாத்தனார் சிரித்துவிட்டாள். தலை தப்பியது. ஆனால் போனை வைத்த பிறகு இவளுக்கு என்னவோபோல் இருந்தது. புடவை துவைத்தாள், காயப்போட்டாள், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அடுத்த ஆறு ஞாயிறுகள் அப்படியே போயின.

ஒரு வியாழக்கிழமை காலை, ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது தியேட்டர் நர்ஸ் ஒரு கட்டைக் கையில் பிடித்தபடி வந்தாள். அதை மேசைமேல் வைத்தாள். டேப்பில் கோடுகள் வெளிறியே இருந்தன. கட்டு இயந்திரத்துக்குள் போகவே இல்லை. போய்வந்த கட்டுகளின் அடுக்கில் இவளே எடுத்து வைத்திருக்கிறாள். கீழே இவளுடைய கையெழுத்து.

"நல்லவேளை, பிரிக்கல அக்கா. நான் பாத்துட்டேன்," என்றாள் நர்ஸ். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் குரலில் இருந்த இரக்கத்தைத்தான் டேப் அக்காவால் தாங்க முடியவில்லை. இருபத்தி மூன்று வருட வேலையில் இது முதல் தடவை.

ஏழு மணிக்குப் பிரிவின் பொறுப்பாளர் அம்மா கூப்பிட்டார். சாமி நம்பிக்கை இல்லாதவர், கறாரானவர், ஆனால் ஆளைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர். கதவைச் சாத்திவிட்டு ஒரு டீயை இவள் பக்கம் தள்ளினார்.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்க கடைசியா நல்லா தூங்குனது எப்ப?"

டேப் அக்கா யோசித்தாள். ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி மேடம். சர்ச்சுல."

பொறுப்பாளர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு டீயைக் குடித்தார். பிறகு சிரிக்கத் தோன்றாமல் போய்விட்டது. "இந்தச் சனிக்கிழமை ராத்திரி லீவு போட்டுக்கங்க," என்றார். "எங்க வீட்டுப் பக்கம், பஸ் டிப்போ பின்னாடி ஒரு சின்ன சர்ச் இருக்கு. சத்தமே வராது. உள்ள ஆள் இருக்காங்களான்னே எனக்குச் சந்தேகம். அங்க போய்ப் பாருங்களேன்."

சனி இரவு வீட்டில் இருந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. ஞாயிறு காலை கண் எரிச்சலோடு போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தினமும் தாண்டிப்போன கட்டடம்தான். பழைய குடோன் என்று நினைத்திருந்தாள். உள்ளே பதினான்கு பேர். குறுகிய மரப் பெஞ்சுகள், சுவரில் ஈரம் பூத்த திட்டுக்கள். போதகர் மாதம் இரண்டு முறைதான் வெளியூரிலிருந்து வருவாராம். மற்ற வாரங்களில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அச்சடித்த பிரசங்கத்தை எடுத்து வாசிப்பார். அன்று அவர் முறை. ஏற்ற இறக்கமே இல்லாமல் விலைப்பட்டியல் படிக்கிறமாதிரி படித்தார். பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு மேல எனக்கே விளங்கல. பாட்டுப் பாடிடலாம்."

பாட்டுப் புத்தகங்கள் நனைந்து காய்ந்து பக்கங்கள் ஒட்டியிருந்தன. முதல் சரணத்தை எல்லோரும் பாடினார்கள். இரண்டாவது சரணம் இருந்த பக்கம் யாருக்கும் பிரியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். டேப் அக்காவுக்கு அது தெரியும். வீட்டுக் குழாயைக் கழற்றும்போதெல்லாம் கணவர் சுருதியே சேராமல் பாடுவது அந்தச் சரணத்தைத்தான். அவள் வாய் தானாகப் பாடியது. இரண்டு வரி போனதும் எல்லோரும் தன்னைப் பின்தொடர்வதை உணர்ந்தாள். மூன்றாவது வரியின் நடுவில் பாட்டை நிறுத்திவிட்டாள்.

அவள் நிறுத்தியதும் அவர்களும் நிறுத்தினார்கள். யாரும் அருகில் வரவில்லை, தலைமேல் கை வைக்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு பஸ்ஸைப் பின்னால் எடுக்கும் விசில் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக அவள் அழவில்லை. வேலை இருந்தது, சாமான் கட்டவேண்டியிருந்தது, ஊர் மாறவேண்டியிருந்தது. இப்போது முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தூங்காமல் ஒரு சபையில் உட்கார்ந்தால் இதுதான் நடக்கும் என்று தன் உடம்புக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே மூன்றாவது வரியைத் திரும்ப எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

முடிந்ததும் பால்கடை அம்மா ஒருத்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை.

"எங்க வேலை?"

"ஆஸ்பத்திரில. ராத்திரி ஷிப்ட். ஏழு மணிக்கு முடியும்."

"அப்ப இந்த வழியாத்தானே வருவே? எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வந்து கதவைத் திறந்து பெருக்கி வைக்க ஆள் இல்ல. நீ செய்வியா?"

"என்னை உங்களுக்குத் தெரியாதேம்மா. சாவியைக் குடுக்குறீங்க?"

"உள்ள தூக்கிட்டுப் போக என்ன இருக்கு? பெஞ்சுதான். அது உன்னால முடியாது."

அடுத்த வாரம் அவளுக்கு மறுபடி சனி இரவு ஷிப்ட். ஞாயிறு காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தாள். பெருக்கினாள், பெஞ்சுகளைத் துடைத்தாள், ஜன்னலைத் திறந்தாள். எட்டு மணி ஆயிற்று. ஆராதனை ஒன்பதரைக்கு. ஐந்து நிமிஷம் என்று கடைசிப் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள்.

பெஞ்சு இழுபடும் சத்தத்தில் கண் விழித்தபோது ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். யாரோ அவள் கால்மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் கல்லைப் போட்டமாதிரி தூங்கியிருக்கிறாள். எழுந்து தலையைக் கோதிக்கொண்டாள். அன்று பிரசங்கம் முழுவதையும் விழித்திருந்து கேட்டாள். சுமாராகத்தான் இருந்தது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அதுவே நடந்தது. வாரத்தின் மற்ற நாட்களில் தூக்கம் பெரிதாக ஒன்றும் திரும்பவில்லை. மூன்று மணி நேரம் என்பது நாலாயிற்று, அவ்வளவுதான். களைப்பு போகவில்லை. ஆனால் வேலையில் அதற்குப் பிறகு ஒரு கட்டும் தவறிப் போகவில்லை.

வெளியூர்ப் போதகர் அவளை அங்கத்தினராகச் சேரச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். "யோசிச்சுச் சொல்றேங்க ஐயா," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. தாள் இன்னும் பையில்தான் இருக்கிறது. போதகர் இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டு விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு, முந்தின இரவில் அடுத்தடுத்து விபத்துக் கேஸ்கள் வந்து அவள் உட்காரவே நேரமில்லாமல் போயிருந்தது. எட்டரைக்குத்தான் சபைக்கு வந்து சேர்ந்தாள். அவசரமாகப் பெருக்கிவிட்டுப் படுத்தாள். விழித்தபோது உள்ளே யாரும் இல்லை. கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். பதறிப்போய் வெளியே ஓடினாள். சந்தில் சுவரோர நிழலில் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். பால்கடை அம்மாவுக்கு மட்டும் யாரோ ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் பிரசங்கத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்திருக்கலாமே," என்றாள்.

"வந்தோம். நீங்க நல்லா தூங்கிட்டிருந்தீங்க. பெஞ்சை இழுத்தா சத்தம் வரும்," என்றார் அவர். பிறகு, "வெயில் ஏறுது, போலாமா?" என்று உள்ளே நடந்தார்.

அடுத்த வாரம் வாசல் பலகையில் ஒன்பதரை என்று இருந்ததை அழித்து யாரோ சுண்ணாம்புக் கட்டியால் பத்து என்று எழுதியிருந்தார்கள். யார் எழுதினார்கள் என்று அவள் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்தாள்.